நிலம் ஒன்று, கடல் பூச்சியம்

ஒன்பது கிலோமீற்றர்ச் சதுரங்களாய்த்தான்
எங்கள் மொடல் உலகத்தைப் பார்க்கும்.
சதுரத்தில் பாதிக்கு மேல் மண் என்றால் ஒன்று,
தண்ணீர் என்றால் பூச்சியம்.
நயினாதீவு பூச்சியம்.
அனலைதீவு, எழுவைதீவு பூச்சியம்.
நெடுந்தீவுக்கு ஒரே ஒரு சதுரம்,
அதுவும் இடம் மாறி, கொஞ்சம் மேற்கே.
குருநகர் ஐஸ் தொழிற்சாலைக்கு மேலே
ஆழமே இல்லாத ஒரு கடல்.

திருநெல்வேலி. பின்னேரம் நாலரை.
பரமேஸ்வராச் சந்தியால்
பள்ளிக்கூடப் பிள்ளைகள் வெயிலுக்குக் கொப்பி பிடித்துப் போகிறார்கள்.
மூன்றாம் மாடியில்
பதினாறு பழைய கணினிகளைக் கேபிளால் பிணைத்து
நானும் நிதுர்ஷனும் ஓட விட்டிருக்கிறோம்
இன்னும் பெயர் வைக்காத ஒரு தாழமுக்கத்தை.
திருகோணமலைக்குக் கிழக்கே நானூறு கிலோமீற்றரில்
அது சுற்றப் பழகிக்கொண்டிருக்கிறது.

ஒரு தடவை ஓட்டினால் அதை நம்பக்கூடாது.
இருபத்தொரு தடவை.
ஒவ்வொன்றின் தொடக்கத்திலும்
வேண்டுமென்றே ஒரு சின்னப் பிழை:
இங்கே கடலின் சூடு கால் பாகை கூட,
அங்கே ஈரப்பதன் ஒரு சொட்டுக் குறைய.

காலை ஓட்டத்தின் முடிவுகள் ஸ்கிறீனில் கிடக்கின்றன.
ஒரே இடத்தில் பிறந்த இருபத்தொரு கோடுகள்,
ஒன்றையொன்று தெரியாதவை.
ஏழாவது காரைக்காலுக்குப் போகிறது.
பன்னிரண்டாவது முல்லைத்தீவில் ஏறி
வன்னிக் காட்டுக்குள் மழையாய்க் கொட்டி முடிகிறது.
மூன்றாவது எங்கும் போகவில்லை;
நடுக்கடலில் நின்று
அடித்தண்ணீரைக் கிளறிக் குளிராக்கி
அந்தக் குளிரிலேயே மெலிகிறது.
பத்தொன்பதாவது மட்டும்
ஒரு நாளைக்குள் நாற்பது மில்லிபார் இறங்கி,
கண் திறந்து,
பருத்தித்துறைக்கும் வல்வெட்டித்துறைக்கும் நடுவால்
நேரே வருகிறது.

ஏன் அது மட்டும்?
மேல்காற்று அதைச் சரிக்கவில்லை,
கீழே சூடு ஆழமாய் இருந்தது,
கண்ணைச் சுற்றி மழைச்சுவர் பிசகில்லாமல் மூடியது.
இதெல்லாம் நடந்த பிறகு சொல்லக்கூடியவை.
நிதுர்ஷன் பிஸ்கற்றை உடைத்து
பாதியை என் பக்கம் தள்ளுகிறான்.

மாலை ஓட்டம் முப்பத்தாறாம் மணியில் நிற்க
கரண்ட் போனது.
யூபிஎஸ் ஆறு நிமிடம் கத்திப் பார்த்தது.
ஜெனரேற்றர் அறைத் திறப்பு காவலாளியிடம்,
காவலாளி தேத்தண்ணிக் கடையில்.
இருபத்தொரு புயலும் போன இடம் தெரியவில்லை.

அந்த இருட்டுக்குள்தான் பாஷையூரிலிருந்து
எமிலியானுஸ் அழைத்தார், சங்கச் செயலாளர்.

“பிள்ளை, எங்கடை பக்கம் வருமே?”
“இருவத்தொண்டில ஒண்டு வருது அண்ணை.
ஐஞ்சு வீதம் எண்டு சொல்லலாம்.”
“வள்ளத்தை ஐஞ்சு வீதம் இழுத்துக் கரையில வைக்கேலாது பிள்ளை.”

பின்னால் யாரோ நங்கூரச் சங்கிலியை
சீமெந்தில் இழுக்கிற சத்தம்.

“மற்ற இருவதும் ஆருக்கு?”
“ஒண்டு ஒருத்தருக்குமில்லை.”
“அது நல்லது.”
“ஒன்பது காரைக்காலுக்கு.”

போன மாசியில் காரைக்கால் றோலர் ஒன்று
அவருடைய நாலு லட்சம் ரூபாய் வலையை
அறுத்துக்கொண்டு போனது.
பொலிஸ் முறைப்பாட்டுக்கு ஆங்கிலத்தில்
கடிதம் எழுதிக் கொடுத்தவள் நான்.
ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

“அவங்களுக்குத் தெரியுமே?” என்று கேட்டார்.

ஏழு மணிக்குக் கரண்ட் வந்தது.
மின்விசிறிகள் ஒவ்வொன்றாய் மூச்செடுத்தன.
ஓட்டத்தைத் தொடங்கும் முன்
நிலக் கோப்பைத் திறந்து
நயினாதீவின் பூச்சியத்தை அழித்தேன்.
“பாதை ஒரு மயிரளவும் மாறாது,” என்றான் நிதுர்ஷன்.
தெரியும்.
ஒன்று என்று தட்டினேன்.
பிறகு அனலைதீவு. பிறகு குருநகர், பாஷையூர்.
நெடுந்தீவை அவனே
ஒரு சதுரம் கிழக்கே நகர்த்தினான்.

கீழே தெருவில் இன்னும் காற்றில்லை.
ஒரு குறுஞ்செய்தி:
வள்ளம் எல்லாம் ஏத்தியாச்சு. காரைக்கால் நம்பர் இருந்தால் அனுப்பவும்.